ஒன்றரைக் கட்டையில் நின்ற மூச்சு

அகல ரயில்பாதையும் மீட்டர் ரயில்பாதையும் கூடிப் பிரிகிற வெண்ணாவல் சந்திப்பில் முப்பத்தோர் ஆண்டுகள் இரவும் பகலும் ஒரே சுரம் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருந்தது என்றால், வெளியூரார் அது எப்படி என்று கேட்பார்கள். அங்கே குடியிருந்த நாங்கள் அப்படிக் கேட்டதில்லை. தாம் விடுகிற மூச்சு எங்கிருந்து வருகிறது, எவர் அளந்து கொடுக்கிறார் என்று கேளாமலே எண்பது ஆண்டு வாழ்ந்து முடிக்கிற பிறவிகளுக்கு, பிறர் விட்ட மூச்சு ஒன்று வெளியில் நின்று ஒலிப்பதைப் பற்றிக் கேட்க என்ன தகுதி என்று எங்கள் பெரியவர்கள் நினைத்திருக்கலாம். அல்லது, ஏதாவது ஒன்று எப்போதும் ஊதிக்கொண்டிருப்பது ரயில்வே காலனிக்காரர்களுக்குப் பழகிப்போன செய்தி என்பதனாலும் இருக்கலாம்.

அந்தச் சுரத்தை ஊதியவர் சூசைமாணிக்கம். வார நாட்களில், ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் லோகோ ஷெட்டில் கொதிகலன் ஃபிட்டர். சனிக்கிழமை மாலைகளில், ஊழியர் மன்றமான ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் நடன மண்டபத்தில், ஹெக்டர் டிமான்டி துரை நடத்திய ஜாஸ் இசைக்குழுவில், முன்வரிசையின் ஐந்து சாக்ஸபோன்களுக்கு நடுவே உட்கார்ந்து ஊதும் முதல் சாக்ஸபோன்காரர். ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், மூன்று டிராம்போன், பியானோ, கிதார், பெரிய பேஸ் வயலின், டிரம்ஸ் என்று பதினாறு நாற்காலிகள். சூசைமாணிக்கத்தின் மனைவி மரியபுஷ்பம் அக்குழுவில் பாடுகிறவர்; பாடுகிறவர் நின்றுகொண்டே பாடுவது வழக்கமாதலால் அவருக்கு நாற்காலி இல்லை.

டிமான்டி துரை மெயில் வண்டி ஓட்டுபவர். பாட்டின் கடைசி ஒலியைப் பதினாறு பேரும் சேர்ந்து நீட்டி நிற்கும்போது, அவர் வலது கையை விரித்து உயர்த்தி வைத்திருப்பார். அந்தக் கை மூடிய கணத்தில் பதினாறு மூச்சும் ஒரே மூச்சாக நிற்க வேண்டும். ஒரு பாட்டுக்குக் கை ஒரு முறைதான் மூடும் என்பது அவர் விதி. கைகாட்டி மரம் ஒருவருக்காக இரண்டாம் முறை இறங்குவதில்லை என்பார்.

கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் நாற்பது நாளும் மண்டபத்தில் வாத்தியம் எடுப்பதில்லை. பியானோவுக்கு வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். டிரம்ஸ் மேல் தூசி படியும். அந்த நாற்பது நாளும் சூசைமாணிக்கம் கொதிகலனுக்குள் நுழைந்து குழாய்களைச் சுரண்டும்போது, விரல்கள் ஸ்பானரின் கைப்பிடியில் சுரங்களைத் தேடிக்கொண்டிருக்கும். மூச்சை உள்ளேயே அடக்கி அடக்கி, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் பிற்பகல் நடனத்துக்கு அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது, நாற்பது நாளின் பசி முழுவதும் அவருடைய நெஞ்சில் இருந்தது. துரை தாமே கட்டிய மெதுவான பாட்டு ஒன்று கடைசியாக வந்தது. முதற்பாதியை மரியபுஷ்பம் பாடினார். மறுபாதியைச் சூசைமாணிக்கம் எழுந்து நின்று ஊதினார். கடைசி ஒலி வந்தது, கை உயர்ந்தது, கை மூடியது, பதினைந்து பேர் நிறுத்தினார்கள். சூசைமாணிக்கம் கண்களை மூடியிருந்தார்.

இது அத்தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை; செய்தால் சக வாத்தியக்காரர்கள் ஒரு வாரம் கேலி செய்து மறந்துவிடுகிற பிழை. அவர் கண் திறந்து, பதைத்து, வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். ஒலி நிற்கவில்லை. நடு நாற்காலிக்கு மேலே, நிற்கிற மனிதனின் மார்பளவு உயரத்தில், அது தானாக நின்று ஒலித்தது. ஆடிக்கொண்டிருந்த இணைகள் பாட்டு முடியவில்லை என்று எண்ணி இன்னும் சிறிது நேரம் ஆடின. கால் வலித்ததும் தேநீர் குடிக்கப் போயின.

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். இன்னொரு முறை கையை மூடினால் முடிந்துவிடும் என்று பியானோக்காரர் மெல்லச் சொன்னார். துரை கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்.

"என் கை ஒரு பாட்டுக்கு ஒருதரம்தான் மூடும் மேன். பார்க்காதது உன் கண்ணு," என்று சூசைமாணிக்கத்திடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மெயிலுக்குத் தயாராக வேண்டும் என்று வீட்டுக்குப் போனார்.

முதல் வாரம் இன்ஸ்டிட்யூட் கமிட்டி கூடி, மண்டபத்தில் நீடித்த ஒலி ஒன்று இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டது. பங்குத்தந்தை வந்து மந்திரித்த நீர் தெளித்தார்; நீர் நாற்காலியை நனைத்தது, ஒலி அப்படியே இருந்தது; ஆகவே அது தீயதன்று என்று அவர் அறிவித்து, அடுத்த ஞாயிறு முதல் பாடற்குழுவை அந்த ஒலியிலேயே தொடங்கச் சொன்னார். கோவிலில் பதிகம் பாடும் மாசிலாமணி ஓதுவார் மண்டபத்து வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டு, அது சுத்தமான ஒன்றரைக் கட்டைச் சுருதி என்று சொன்னார். அவர்கள் வாத்தியத்தின் சுரக் கணக்கு வேறாதலால், சாக்ஸபோன்காரர்கள் தங்கள் ஏட்டில் அதைப் பி ஃப்ளாட் என்று எழுதினார்கள். ஓதுவார் அன்று மாலையே சுருதிப்பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். நாதத்தையே உருவாகக் கொண்டவன் சன்னிதிக்கு நாதம் தானே வந்து நிற்கையில் பெட்டி எதற்கு என்பது அவர் கருத்து.

அவ்வாறு, வியப்பதற்கு நேரமில்லாத மக்கள் அதை வாழ்க்கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கிழக்கே தண்ணீர்த் தொட்டி முதல் மேற்கே ரயில்வே கேட்டு வரை அது கேட்கும். கீரைக்காரி அதில் குரல் வைத்துக் கூவினாள்; பள்ளிப் பிள்ளைகள் அதில் பிடித்துக் கடவுள் வாழ்த்தைத் தொடங்கினார்கள்; இழவு வீட்டில் மாரடிக்கும் பெண்கள் அதிலிருந்துதான் ஒப்பாரியை எடுத்தார்கள்; சண்டை மூண்டால் இரண்டு பக்கத்தாரின் குரலும் சிறிது நேரத்தில் அந்தச் சுருதிக்கு ஏறி வந்து சேர்ந்துகொள்ள, சுருதி சேர்ந்த வசவில் காரம் குறைந்து, பாதியில் சிரித்துக் கலைந்தவர்களும் உண்டு. டீக்கடைப் பக்கிரிசாமி, பால் பொங்கும் முன் எழும் சீறல் அந்த ஒலியைத் தொடுவதை வைத்து, திரும்பிப் பாராமலே அடுப்பைத் தணிப்பார். கல்யாணத்துக்கு வெளியூர் நாகஸ்வரக்காரரை அமர்த்துகிறவர்கள், ஒன்றரைக் கட்டை வாத்தியம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே வெற்றிலை பாக்கு வைத்தார்கள். கேளாமல் இரண்டு கட்டை வாத்தியத்தோடு வந்த ஒரு வித்துவான், மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் ஊரோடு மோதி மோதி, வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டு, முந்தைய தலைமுறையில் யாரோ இந்த ஊருக்குச் சாபம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனார். பிறவியிலேயே காது கேளாத தையற்காரர் மனைவி சொர்ணக்கிளி, பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி இன்ஸ்டிட்யூட் வராந்தாவில் வைத்து, நீரின் மேல் ஓடும் மெல்லிய நடுக்கத்தை நாள்தோறும் அரைநாழிகை பார்த்துவிட்டுப் போவார். அவர் பார்க்கும்போது ஒருவரும் குறுக்கே நடப்பதில்லை.

மாற்றலாகிப் போனவர்கள் புது ஊரில் உறக்கம் வரவில்லை என்று எழுதினார்கள்.

சூசைமாணிக்கத்துக்கு மட்டும் அது இழப்பாக இருந்தது. அடுத்த ஒத்திகையில் அவர் பி ஃப்ளாட்டுக்கு விரல் வைத்து ஊதியபோது, மூச்சு குழாய்க்குள் போய் வெளியே வந்தது, ஒலி வரவில்லை. மற்றச் சுரங்களெல்லாம் வந்தன. சென்னைக்குக் கொண்டுபோய், வாத்தியத்தின் துளைகளை மூடுகிற தோல் திண்டுகளை மாற்றிப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரரின் வாத்தியத்தை வாங்கி ஊதிப் பார்த்தார். எந்தச் சாக்ஸபோனை எடுத்தாலும் அவர் வாயில் அந்த ஒன்று ஊமையாக இருந்தது. வெளியே நின்று ஒலிப்பது அவருடையது. ஒருவருக்கு அது ஒன்றுதான் கொடுக்கப்பட்டிருந்தது போலும். அவர் துரையின் வீட்டு வாசலில் மூன்று ஞாயிறு போய் நின்றார். துரை உள்ளே அழைத்துக் கேக்கும் தேநீரும் கொடுத்தார்; கையைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் வானிலை பற்றிப் பேசினார். இரண்டு ஆண்டுகளில், வண்டியை ஒரு சிறு நிலையத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்து அவர் இறந்துபோனார்.

தலைவர் இல்லாத நாளில், குழுவில் எவர் முதலில் சேர்ந்தாரோ அவர் கையே தலைவர் கை என்பது அவர்களிடையே வழக்கம். அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், டிரம்பெட் நோயலே மூத்தவர் என்று நாற்காலி நாற்காலியாக எண்ணி முடிவு செய்து, அவரை ஒலிக்கு எதிரே நிறுத்தினார்கள். ஊர் கூடி வெளியே நின்றது. நோயல் கையை உயர்த்தி மூடினார். ஒலி நிற்கவில்லை. இன்னும் இரண்டு முறை மூடினார். துரை தம்முடைய மூடலைத் தம்மோடு கொண்டுபோய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். பிழைத்தோம் என்று ஊர் வீட்டுக்குத் திரும்பியது. மறு மாதம் சூசைமாணிக்கம் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினார். மரியபுஷ்பம் ரயில்வே பள்ளியில் ஆசிரியையாக இருந்ததால் குவார்ட்டர்ஸில் தங்கினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்குச் சூசைமாணிக்கம் வருவார். புத்தாண்டுக்கு ஓட்டல்களில் வாசிக்க வேண்டும் என்று இருபத்தெட்டாம் தேதியே போய்விடுவார்.

ஒரு சுரம் இல்லாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நாங்கள் எண்ணினோம். கொடுத்தார்கள். சென்னையில் ஒரு ஓட்டலில் மூன்றாம் நாற்காலி, கல்கத்தாவில் இரண்டாம் நாற்காலி, பிறகு பம்பாயில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலின் பதினேழு பேர் குழுவில் முதல் நாற்காலி. அங்கே இசை எழுதித் தந்த கோவாக்காரர் கிளெமென்ட் பின்ட்டோ, இவருடைய குறையைக் கேட்டுச் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அந்தச் சுரம் வரவேண்டிய இடங்களில் மற்றப் பதினாறு பேரையும் நிறுத்தி எழுதினார். பாட்டு ஓடிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் ஒரு இமைப்பொழுது ஒன்றுமே இல்லாமல் நின்று, மறுபடி ஓடும். ஆடுகிறவர்கள் அந்த நொடியில் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றார்கள். நிற்பதற்காகவே ஆட வந்தார்கள். பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. வெளிநாட்டிலிருந்து வந்த வாத்தியக்காரர்கள் அருகே வந்து உட்கார்ந்து, அந்த நிறுத்தத்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். பல் விழுந்த இடத்தைப் புன்னகை என்று கொண்டாடுகிறார்கள் என்று அவர் ஒரு கிறிஸ்துமஸின்போது பக்கிரிசாமியிடம் சொன்னாராம்.

"கொண்டாடுறவனை எதுக்குக் கெடுக்கிறீரு? டீயக் குடியும்," என்றாராம் பக்கிரிசாமி.

பதினெட்டு ஆண்டு அவர் அப்படிப் புகழோடு இருந்தார். பிறகு ஓட்டல்களில் ஆடுகிற வழக்கம் குறைந்தது. பதினேழு நாற்காலி பத்தாகி, ஐந்தாகி, ஒரு நாள் மேடையில் மின்சாரப் பெட்டி ஒன்றும் அதை வாசிக்கிறவர் ஒருவரும் மட்டும் இருந்தார்கள். சூசைமாணிக்கம் சென்னைக்குத் திரும்பி, சினிமாப் பாட்டுப் பதிவுகளில் பின்வரிசையில் உட்கார்ந்து சில ஆண்டுகள் ஊதினார். அறுபத்தைந்தாம் வயதில் இருமல் வந்தது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இளமையில் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு, கொதிகலன் புகையும் கரியும் நுரையீரலில் படிந்திருப்பதைக் காட்டி, இன்னும் சில மாதங்களுக்கு மேல் ஊத முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழையில் பாசஞ்சர் வண்டியில் ஒரு பெட்டியும் வாத்தியமுமாக அவர் வெண்ணாவலில் இறங்கியபோது, இனிப் போவதற்கு வரவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. துரையின் அந்த மெதுவான பாட்டை, சாவதற்கு முன் ஒரே ஒரு முறை, எல்லாச் சுரமும் சேர முழுமையாக ஊத வேண்டும். அதற்கு அந்த ஒலி தம்மிடம் திரும்ப வேண்டும். யார் கை மூடினால் அது நிற்கும் என்று தெரியவில்லை. நோயலும் மற்றவர்களும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார்.

ஊர் கலங்கியது. அவர் மேல் எங்களுக்கு அன்பு உண்டு. ஆனாலும், அவருடைய மூச்சின் மேல் நாங்கள் முப்பத்தோர் ஆண்டு வீடு கட்டிக் குடியிருந்தோம். நல்லவேளை, மூடத் தெரிந்த கை ஒன்றும் உயிரோடு இல்லை என்று வெளியில் வருத்தமும் உள்ளே நிம்மதியுமாக இருந்தோம். சூசைமாணிக்கம் நாள்தோறும் பிற்பகல் மண்டபத்துக்குப் போய், அவர் ஊரைவிட்டுப் போன பிறகு ஒருவரும் உட்காராத அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்து, ஒலி தம் தலையைச் சூழ்ந்து நிற்க, பி ஃப்ளாட்டுக்கு விரல் வைத்து ஊதுவார். சூழ ஒலித்தது, வாத்தியம் ஊமையாக இருந்தது. தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் தாகத்தோடு இருப்பதை ஜன்னல் வழியே பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது, பார்த்தோம்.

மரியபுஷ்பம் மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் காலையில், சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கணவரிடம் சொன்னார். இதை அவரே பின்னாளில் எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒளிக்காமல் சொன்னதால் நாங்கள் அறிவோம்.

"நோயலுக்கு முன்னாடி சேர்ந்தவங்க ஒருத்தர் உண்டு."

"யாரு? பியானோ வில்ஃபிரட்டா? அவன் நோயலுக்குப் பின்னாடி வந்தவன்."

"துரை ஒத்தை ஆளா பியானோ முன்னால உக்காந்திருந்த காலத்துல பாட வந்தவ நான். அப்ப நோயல் அரை டிராயர் போட்டுக்கிட்டு இன்ஸ்டிட்யூட் கேட்டுல தொங்குவான். நீங்கல்லாம் நாற்காலிய எண்ணுனீங்க. நின்னவளை யாரும் எண்ணலை."

மழைத் தண்ணீர் தகரத்தில் விழுந்தது. அதற்கு அடியில், எப்போதும் போல, ஒன்றரைக் கட்டை.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"நோயல் மூணாவது தரம் மூடுறப்பவே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே புஷ்பம்."

"சொல்லியிருக்கலாம். நீங்க மதராஸுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தீங்க. மூடினா அதுவும் உங்க கூடவே ரயில் ஏறிடும். உங்க மத்த சத்தமெல்லாம் பம்பாய்லயும் கல்கத்தாவுலயும் எவ எவளோ ஆடுறதுக்குப் போச்சு. ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன்."

"அது இல்லாம நான் எப்படி வாசிச்சேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ரேடியோவுல வைக்கிறப்பல்லாம் கேட்டேன். பாட்டு ஓடிவந்து அந்த இடத்துல நிக்கும். எல்லாரும் நிப்பாங்க. ஜன்னல் வழியா இது மட்டும் உள்ள வந்து, சரியா அந்த இடத்துல உக்காரும். உலகத்துலயே உங்க பாட்டை முழுசாக் கேட்டவ நான் ஒருத்திதாங்க."

"நான் கேட்கலையே," என்றார் சூசைமாணிக்கம்.

அதைக் கேட்டு அவரைக்காயை மிகவும் பொடியாக நறுக்கிவிட்டதாக மரியபுஷ்பம் சொன்னார். மறுநாள் காலை மரியபுஷ்பம் பக்கிரிசாமி கடைக்கு எதிரே நின்று, வருகிற ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்குத் தாம் கையை மூடப்போவதாகவும், ஊரில் எவருக்காவது சொல்வதற்கு இருந்தால் அதற்குள் சொல்லலாம் என்றும், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்கிற குரலில் சொன்னார்.

சொல்ல எல்லோருக்கும் இருந்தது. வியாழக்கிழமை மண்டபத்தில் கூடினோம். பள்ளித் தலைமையாசிரியர், முந்நூறு பிள்ளைகள் முந்நூறு குரலில் வாழ்த்துப் பாடுவதைத் தாம் கேட்க வேண்டியிருக்கும் என்றார். மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் தாதி, இங்கே பிறந்த பிள்ளைகள் முதல் அழுகையிலேயே சுருதி சேர்வதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். ஒலி நின்றால் பால் பொங்குவது தமக்கு எப்படித் தெரியும் என்றார் பக்கிரிசாமி. கண்ணால் பாரும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒருவர் எழுந்து, கொடுத்த ஒன்றைத் திரும்பக் கேட்பது தர்மமா என்று கேட்டார். அவர் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து போய்விட்டது என்று இன்னொருவர் சொன்னார். இப்படியே பேச்சு சூடேறிச் சுருதிக்கு வந்து சேர்கிற நேரத்தில், எழுபத்தெட்டு வயது மாசிலாமணி ஓதுவார் கையைத் தூக்கினார். சன்னிதியில் அந்த ஒலியைச் சார்ந்தே பாடி வந்தவர் அவர். அவர் மறுத்தால் ஊர் மறுத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு விஷயம் நான் யாருகிட்டயும் சொன்னதில்லை," என்றார் ஓதுவார். "நாலு வருஷமா எனக்கு ஒன்றரைக் கட்டை எட்டலை. வயசாச்சு. தொண்டை ஒரு கட்டைக்கு இறங்கிப்போச்சு. ஊர் சுருதியை விட்டுட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு இழுத்துப் பிடிச்சுப் பாடறேன். சுவாமிக்கு முன்னால பொய்க்குரல்ல நிக்கறேன். சூசை, உன் மூச்சை நீ எடுத்துக்கோப்பா. என் மூச்சு எங்கே இருக்குன்னு நானும் ஒருதரம் தேடிப் பார்க்கறேன்."

மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த மண்டபத்தில் இருக்கக்கூடிய அளவு அமைதியாக. பிறகு கீரைக்காரி, தன் குரல் இயல்பில் இன்னும் கனமானது என்று மெதுவாகச் சொன்னாள். இறைவன் ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு தனி உயரம் வைத்தான் என்பதும், நாங்கள் அதை ஒரு நல்ல ஒலியின் நிழலில் மறந்து போனோம் என்பதும், அன்று மெல்ல மெல்ல ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது. சொர்ணக்கிளியிடம் சைகையில் கேட்டார்கள். அவர் வெகுநேரம் குடத்தையே பார்த்தார். பிறகு தண்ணீரை வராந்தாவுக்கு வெளியே கொட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்கு மேல் கேட்க ஒருவரும் இல்லை.

ஞாயிறு பிற்பகல் மண்டபம் கொள்ளாமல், ஜன்னல்களிலும் வெளியே சரக்கொன்றை மரத்தடியிலும் ஊர் நின்றது. சூசைமாணிக்கம் வெள்ளைச் சட்டையும் பழைய கறுப்புக் கோட்டும் அணிந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் பதினைந்து நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. மரியபுஷ்பம் துரை நிற்கும் இடத்தில், வாழ்நாளில் முதல் முறையாக, குழுவைப் பார்த்து நின்றார். அவர் முகத்தை நாங்கள் பார்க்க முடியவில்லை, முதுகைத்தான் பார்த்தோம். வலது கையை விரித்து உயர்த்தினார். வெகுநேரம் உயர்த்தியே வைத்திருந்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மூடினார்.

நின்றது.

முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு, ஊருக்குள் மற்றதெல்லாம் கேட்டது: மின்விசிறியின் கீச்சொலி, யாரோ வெற்றிலை மெல்லும் ஓசை, தொட்டியில் தண்ணீர் சொட்டுவது, கூட்ஸ் வண்டியின் வேகன் ஒன்று தொலைவில் இன்னொன்றைத் தொடுவது. பிறந்ததிலிருந்து அந்த ஒலியை அன்றி அறியாத பிள்ளைகள் தாயின் புடவையைப் பற்றிக்கொண்டார்கள்.

சூசைமாணிக்கம் எழுந்து நின்று வாத்தியத்தை வாயில் வைத்தார். துரையின் பாட்டை, மரியபுஷ்பம் பாடுகிற முதற்பாதியையும் சேர்த்து, தொடக்கத்திலிருந்து ஊதினார். மூச்சு குறைவாக இருந்தது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் நெஞ்சுக்குள் ஏதோ உரசுவது எங்களுக்குக் கேட்டது. ஊர் ஊராய் அலைந்து, புகையும் குளிரும் விளக்கொளியும் பட்டுத் தேய்ந்த குரலில் சுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த இடம் வந்தது. அவர் விரலை வைத்தார். பி ஃப்ளாட் ஒலித்தது.

அது மூப்படையாமல் இருந்தது. அறுபத்தைந்து வயதுச் சுரங்களின் நடுவே, முப்பத்துநான்கு வயது மனிதன் ஒருவன், நாற்பது நாள் நோன்பு முடித்த பசியோடு, ஒரு கணம் எழுந்து நின்று மறைந்தான். அடுத்த அடியில் மறுபடி வந்தான். வயதானவரும் இளையவரும் மாறி மாறி ஒரே பாட்டைச் சொன்னார்கள். ஒருவர் தளர்ந்த இடத்தில் மற்றவர் தாங்கினார். சூசைமாணிக்கத்தின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. கண்களை மட்டும் அவர் மூடவில்லை. அவை மனைவியின் மேலேயே இருந்தன.

கடைசி ஒலி வந்தது. மரியபுஷ்பத்தின் கை விரிந்து உயர்ந்தது. சூசைமாணிக்கம் நீட்டினார். நீட்ட நீட்ட அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன, முகம் கருத்தது, உள்ளே கொஞ்சமே இருந்த மூச்சு தீர்ந்துகொண்டு வருவது, காது உள்ள எல்லோருக்கும் தெரிந்தது. இன்னும் ஒரு நொடி போனால் அந்த ஒலி உடைந்து, பிசிறி, முதியவரின் இருமலில் முடியும். அதை அவருக்கு முன்பே அறிந்தவர் ஒருவர் இருந்தார். ஒலி இன்னும் முழுமையாக, சிறு விரிசலும் இல்லாமல் இருக்கும்போதே, மரியபுஷ்பம் கையை மூடினார், சூசைமாணிக்கம் நிறுத்தினார், இரண்டும் ஒரே கணத்தில் நடந்தன.

ஒருவரும் கை தட்டவில்லை. அவர் வாத்தியத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, கொஞ்சம் இருமி, மூச்சு வாங்கி நிமிர்ந்தார். மரியபுஷ்பம் உயர்த்திய கையைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். விரல்கள் உள்ளங்கையில் புதைந்து வெளுத்திருந்தன. சூசைமாணிக்கம் அருகில் போய், அந்தக் கையைத் தம் இரு கைகளிலும் எடுத்து, சுண்டு விரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாகத் திறந்தார்.